ஓடைக்குக் கான்கிரீட் போடும் முன்: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள், பொறியியல் பிரிவு அதிகாரிகள் ஆகியோருக்கு,

நகரின் நடுவே ஓடும் ஓடையின் இரு கரைகளிலும் உள்ள நாணலையும் மரங்களையும் அகற்றி, அடித்தளமும் பக்கச் சுவர்களும் கான்கிரீட்டாக அமைத்து, அதன் கீழ்ப்புறத்தில் உள்ள சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்பி வாகன நிறுத்துமிடம் ஆக்குவது என்று சென்ற மாதம் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தை எதிர்த்து இம்மடலை எழுதுகிறேன். தீர்மானத்தில் அந்தச் சதுப்பு நிலம் 'பயன்பாட்டில் இல்லாத தாழ்வான நிலம்' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. இணைப்பாகத் தரப்பட்ட வரைபடத்தில் அந்த இடம் எந்தக் குறியீடும் இல்லாமல் வெறும் வெள்ளையாக விடப்பட்டிருக்கிறது. நாம் எல்லோரும் குடிக்கும் நீர் அந்த வெள்ளை இடத்தைக் கடந்துதான் ஏரிக்குப் போய்ச் சேருகிறது என்பது வரைபடத்தை வரைந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அதற்கு ஒப்புதல் கொடுத்தவர்களுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

என் வீடு ஓடையை ஒட்டியது. மேல்தெருக்களின் மழைநீரைக் கொண்டுவரும் குழாய் ஓடையில் திறக்கும் இடம் என் வீட்டுப் பின்வேலியிலிருந்து ஐம்பது அடி தூரம்கூட இருக்காது. ஆறு ஆண்டுகளாக, வறண்ட நாட்களுக்குப் பின் மழை பிடிக்கும்போதெல்லாம், குடையும் கண்ணாடிப் பாட்டில்களுமாக அங்கே போய் நிற்கிறேன். குழாயில் நீர் தலைகாட்டியதும் முதல் பாட்டிலை நிரப்புவேன். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, ஒரு மணி நேரம் வரை. வீட்டுக்கு வந்து அவற்றை ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தால், பள்ளிப்பிள்ளைக்கும் புரியும் பாடம் ஒன்று தெரியும். முதல் பாட்டில் மை கரைத்ததுபோல் கறுத்திருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் வானவில் நிறங்களில் நெளியும். மறுநாள் காலையில் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கசடு படிந்திருக்கும். அந்தக் கசடை இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் மண்ணைப்போல் கரையாது, ரப்பரும் இரும்புத்தூளும் கலந்ததுபோல் நெருடும். ஐந்தாவது, ஆறாவது பாட்டில்களில் வெறும் செம்மண் கலங்கல். கடைசிப் பாட்டிலில் ஏறத்தாழத் தெளிந்த மழைநீர்.

இதை நீரியலில் முதல் கழுவல் என்பார்கள். வாரக்கணக்கில் சாலையிலும் கூரையிலும் சேர்ந்த அழுக்கில் பெரும்பகுதியை மழையின் தொடக்க நீரே வாரிக்கொண்டு போய்விடுகிறது. உங்கள் அலுவலகம் ஓடையிலிருந்து மாதிரி எடுப்பது மாதம் ஒரு முறை, அதுவும் வெயில் அடிக்கும் வேலைநாள் ஒன்றின் முற்பகலில். அந்த நேரத்தில் எடுத்தால் எந்த ஓடையும் தேர்ச்சி பெறும். தீர்மானத்தின் இரண்டாம் பக்கத்தில் 'நீரின் தரம் ஏற்கத்தக்கது' என்று எழுதப்பட்டிருப்பது இப்படிக் கிடைத்த முடிவுகளை வைத்துத்தான்.

ஓர் ஒப்புதலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகள் நானும் தெருவோரத்தில் நிறுத்தி என் வண்டியைச் சோப்பு நுரை வழியக் கழுவியிருக்கிறேன். வீட்டுக்கு வண்ணம் பூசியபோது தூரிகை அலசிய நீரை நடைபாதையோர இரும்புச் சல்லடைக்குள் ஊற்றியிருக்கிறேன். அந்தச் சல்லடைக்குள் போவதெல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று நினைத்திருந்தேன். கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் குழாய்கள் போடப்பட்ட நகரங்களில் மழைநீர்க் குழாய்க்கு எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது, அது நேராக ஓடைக்குப் போகிறது என்பதை ஒரு நாள் வெள்ளை வண்ணம் என் பின்வேலி அருகே பால்போல் வழிந்து வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அது என் வீட்டு வண்ணம். நகரில் பெரும்பாலானோர் இன்றும் என் பழைய நம்பிக்கையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லும் ஒரு வரி அறிவிப்புகூட எந்தச் சல்லடையின் மேலும் இல்லை.

மழை கூடிவிட்டது, அதனால்தான் கீழ்த்தெருவில் வெள்ளம் என்று மன்றக் கூட்டத்தில் பேசப்பட்டதாகக் குறிப்பேட்டில் படித்தேன். மழையின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் தரைக்கு நாம் செய்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். ஒரு ஹெக்டேர் வாகன நிறுத்துமிடத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,50,000 லிட்டர். மரமும் புல்லும் மூடிய நிலத்தில் மழையில் ஏறத்தாழ 10 விழுக்காடுதான் மேற்பரப்பில் வழிந்தோடும். மீதி மண்ணுக்குள் இறங்கும் அல்லது ஆவியாகும். முக்கால் பங்குக்கு மேல் தாரும் கான்கிரீட்டும் மூடிய இடத்தில் அந்த 10 விழுக்காடு 55 ஆகிறது. அதே மேகம், அதே மழை, ஓடைக்கு வரும் நீர் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பில் 10 விழுக்காடு அளவுக்கு நீர் இறங்காத தரையாக மாறினாலே அதன் ஓடைகளில் சீர்கேடு தெரியத் தொடங்குகிறது என்பது நீரியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் செய்தி. நம் ஓடையின் மேல்புறத்தில் இன்று எத்தனை விழுக்காடு மூடப்பட்டிருக்கிறது என்று தீர்மானத்தில் தேடிப் பார்த்தேன். அந்தக் கணக்கே போடப்படவில்லை.

அளவைவிட அஞ்ச வேண்டியது அந்த நீர் சுமந்துவரும் பொருள்கள். வண்டிகளின் பிரேக்கிலிருந்து உதிரும் செம்பு, டயரிலும் துத்தநாகத் தகட்டுக் கூரைகளிலும் இருந்து வரும் துத்தநாகம், புல்தரைகளுக்குத் தூவிய உரத்தின் பாஸ்பரஸ், நாய்களின் மலம், எரிபொருள் கசிவு. இவற்றுள் எதற்கும் குற்றவாளி என்று ஒருவரைக் கைநீட்ட முடியாது. ஆலைக் கழிவானால் குழாயைத் தேடிப்போய் அடைக்கலாம், இது ஒவ்வொருவர் வாசலிலிருந்தும் ஒரு கரண்டி அளவு வருவது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பகுதி ஓடைகளுக்கு முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்துக்குள் வாயைத் திறந்தபடி வட்டமடித்து, முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. பல ஆண்டுகள் காரணம் தெரியவில்லை. 2020 டிசம்பரில்தான் ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள்: டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் என்ற நஞ்சாக மாறுகிறது, சாலையில் தேய்ந்து கிடக்கும் டயர் துகள்களோடு அதை மழைநீர் ஓடைக்குக் கொண்டுபோகிறது. அதுவரை எந்த மாசுப் பட்டியலிலும் இல்லாத பொருள் அது. பட்டியலில் உள்ளவற்றை மட்டும் சோதித்துவிட்டு 'ஏற்கத்தக்கது' என்று எழுதுவதன் ஆபத்து இதுதான்.

அந்தக் கதையின் மறுபாதியையும் உங்கள் பொறியாளர்கள் கவனிக்க வேண்டும். காரணமான பொருள் இன்னதென்று தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதே ஆய்வாளர்களில் சிலர், மீன்களைக் கொல்லும் சாலைநீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண்படுகை வழியாக வடியவிட்டு, அந்த நீரில் மீன்களை விட்டுப் பார்த்தார்கள். மீன்கள் உயிரோடு இருந்தன. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அங்கே இல்லை, மண் இருந்தது. அத்தகைய மண்ணைத்தான் நீங்கள் கான்கிரீட்டால் மூடப்போகிறீர்கள்.

கீழ்த்தெருவில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததையும், அங்குள்ளவர்கள் இரவெல்லாம் வாளி வாளியாக இறைத்ததையும் நான் அறிவேன், நானும் இறைத்தேன். ஓடையை அகலப்படுத்திக் கான்கிரீட் போட்டால் நீர் தங்காமல் ஓடிவிடும் என்று உங்கள் பொறியாளர் சொல்வது அந்த ஒரு தெருவுக்கு உண்மையாகவே இருக்கலாம். வழவழப்பான சுவருக்கிடையே நீர் வேகமெடுக்கும்; அப்படி வேகமெடுத்த நீர் அடுத்த வளைவில், அடுத்த பாலத்தின் கீழ், அதற்கடுத்த குடியிருப்பில் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். முன்பு மூன்று மணி நேரம் பரவி வந்த வெள்ளம் ஒரு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். வெள்ளம் போய்விடாது, முகவரி மாறும், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1938ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு தன் ஆற்றின் பெரும்பகுதியைக் கான்கிரீட் தொட்டியாக மாற்றியது. இன்று அதே நகரம் அந்த ஆற்றின் சில பகுதிகளையாவது மீண்டும் ஆறாக்குவதற்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரின் பிஷான் - ஆங் மோ கியோ பூங்காவில் நேர்கோடாகப் போன 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்தெடுத்து, களாங் ஆற்றை வளைந்து நெளிந்து ஓடும் சுமார் 3 கிலோமீட்டர் இயற்கை ஆறாக 2012இல் மாற்றி முடித்தார்கள். மழை கொட்டும்போது ஆறு பூங்காவின் புல்தரைக்குள் பரவி நிற்கும். வடிந்ததும் மக்கள் மீண்டும் அங்கே நடப்பார்கள். நிலத்துக்குத் தட்டுப்பாடு உள்ள ஒரு நகர நாடே நீருக்கு இடம்விட்டுத் தள்ளி நிற்கிறது. மற்றவர்கள் உடைத்தெடுக்கும் ஒன்றை நாம் இப்போது கட்டுவதற்குக் காரணம் கேட்கிறேன்.

இனி அந்த வெள்ளை இடம். சதுப்பு நிலத்துக்கு மேலே ஓடை நுழையும் இடத்தில் ஒரு பாட்டில், கீழே ஏரியை நோக்கி அது வெளியேறும் இடத்தில் ஒரு பாட்டில் என்று சென்ற மழைக்காலம் முழுவதும் இரட்டை இரட்டையாக எடுத்தேன். மேல் பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் தலைப்பெழுத்துகூடத் தெரியாது. கீழ் பாட்டிலின் வழியாகச் சிறிய எழுத்தையும் படிக்க முடிந்தது. இடையில் நடப்பது மந்திரம் ஏதுமில்லை. கோரையும் நாணலும் நீரின் வேகத்தை உடைக்கின்றன. வேகம் குறைந்த நீர் சுமையை இறக்கி வைக்கிறது. உலோகங்களும் பாஸ்பரஸும் பெரும்பாலும் வண்டல் துகள்களில் ஒட்டிக்கொண்டு வருவதால் வண்டல் படியும்போது அவையும் படிகின்றன. வேர்களைச் சுற்றியுள்ள, காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன. சம்பளமும் மின்சாரமும் கேட்காமல் இரவு பகலாக ஓடும் ஒரு சுத்திகரிப்பு நிலையம் அது. அதன்மேல் வண்டிகளை நிறுத்தினால், சுத்திகரிப்பு நிலையம் ஒன்று போவது மட்டுமல்ல, அதே இடத்திலிருந்து எண்ணெயும் டயர் துகளும் புதிதாகக் கிளம்பி, இடையில் தடுக்க ஒரு புல்கூட இல்லாமல் ஏரிக்குள் இறங்கும். என் பாட்டில்கள் ஆய்வகச் சான்று ஆகாது என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். சரிதான். ஆய்வகம் உங்களிடம் இருக்கிறது, பாட்டில்தான் என்னிடம் இருக்கிறது.

ஏரியில் எது வந்தாலும் குடிநீர் நிலையம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் தீர்மானத்தின் அடியில் ஓடுகிறது. கலங்கல் கூடினால் படிகாரத்தைக் கூட்ட வேண்டும், வடிகட்டிகளை அடிக்கடி கழுவ வேண்டும். நீரில் கரிமப்பொருள் மிகுந்திருக்கும்போது குளோரினை ஏற்றினால் டிரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத சேர்மங்கள் உருவாகும். இவை எல்லாம் செலவு, அந்தச் செலவு எங்கள் வரியில்தான் வரும். சில நேரங்களில் செலவு செய்தாலும் போதாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் மைக்ரோசிஸ்டின் நஞ்சு குடிநீரில் கலந்துவிட, ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் குழாய்நீரைக் குடிக்கக்கூடாது என்று இரண்டு நாட்களுக்கு மேல் தடுக்கப்பட்டார்கள். கொதிக்க வைத்தும் குடிக்க முடியாது. கொதித்தால் அந்த நஞ்சு இன்னும் செறிவாகும். அந்தப் பாசிக்குத் தீனி, நிலங்களிலிருந்து வழிந்தோடி வந்த பாஸ்பரஸ். கனடாவின் வாக்கர்டனில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை மாட்டுச் சாணக் கழிவை ஆழமற்ற ஒரு குடிநீர்க் கிணற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. குளோரின் அளவை ஒழுங்காகக் கண்காணிக்காத பணியாளர்களின் தவறும் சேர்ந்துகொள்ள, அந்தச் சிறு நகரில் சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். மழைநீர் கிணற்றையோ ஏரியையோ அடையும் முன் அதைத் தடுத்து நிறுத்த ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இவற்றை எடுத்துச் சொல்கிறேன்.

செலவைப் பற்றிப் பேச விரும்பும் உறுப்பினர்களுக்கு நியூயார்க் நகரின் கணக்கு உதவும். மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் நீருக்குப் பெரிய வடிகட்டு நிலையம் கட்ட வேண்டிய நிலை 1990களில் அந்நகருக்கு வந்தபோது, அதற்குப் பல நூறு கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பதிலாக, 1997இல் மேல்புறத்துக் கிராமங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, நிலம் வாங்கினார்கள், பண்ணைகளின் கழிவு ஓடைக்கு வராமல் தடுக்க உழவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள், ஓடைக்கரைகளைக் காத்தார்கள். தொண்ணூறு லட்சம் மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பகுதி இன்றும் அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வடிகட்டப்படாமலே வருகிறது. நாம் அவ்வளவு பெரிய நகரம் இல்லை. நமக்குக் காக்க வேண்டியது ஒரு சதுப்பு நிலமும் சில கிலோமீட்டர் கரையும் மட்டுமே.

இன்னொரு குறையையும் விட்டுவிட முடியாது. மேட்டில் நடக்கும் கட்டுமானத்துக்காக ஒரு சரிவு முழுவதும் புல் வழித்தெடுக்கப்பட்டுப் பத்து மாதங்களாகத் திறந்து கிடக்கிறது. மண் வழியாமல் இருக்க ஓரத்தில் கட்டிய துணித்தடுப்பு முதல் மழையிலேயே சாய்ந்து, இப்போது ஓடைக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. அனுமதி நிபந்தனையில் தடுப்பு உண்டு, வண்டல் தேங்கும் குழி உண்டு. தளத்தில் குழியைக் காணோம். மூன்று முறை எழுத்தில் புகார் கொடுத்தேன். இரண்டு முறை 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது, மூன்றாவதற்கு அதுவும் இல்லை. கூழாங்கல் தெரிய ஓடிய ஓடைப்படுகையில் இப்போது முழங்கால் வரை சேறு. கற்களின் இடுக்கில் முட்டையிடும் மீன்களுக்கும் பூச்சிகளுக்கும் இடுக்கே இல்லை. இருக்கும் விதியை நிறைவேற்றாத அலுவலகம் புதிய திட்டத்தில் 'மாசு தடுப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்' என்று எழுதினால் நான் அதை எப்படி நம்புவது?

ஆகவே நான் கேட்பவை இவை.

தீர்மானத்தை உடனே நிறுத்திவைத்து, ஓடையின் ஒரு துண்டுக்கு மட்டும் அல்லாமல் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் நீரியல் ஆய்வு செய்யுங்கள்; மூடப்பட்ட தரையின் பரப்பு, வெள்ள உச்சம், கீழ்ப்புறக் குடியிருப்புகளுக்கு ஏற்படும் விளைவு ஆகியவை அதில் இருக்க வேண்டும், அறிக்கை பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். சதுப்பு நிலத்தைக் குடிநீர் நீர்ப்பிடிப்புப் பகுதியின் அங்கமாக வரைபடத்தில் பெயரிட்டுக் குறியுங்கள். அங்கே நிரப்புதலோ கட்டுமானமோ கூடாது என்று பதிவு செய்யுங்கள். ஓடையின் இரு கரைகளிலும் 30 மீட்டர் அகலத்துக்கு இயற்கைத் தாவரங்களை விட்டுவைக்கப் பாருங்கள், வீடுகள் ஏற்கெனவே நெருங்கிவிட்ட இடங்களில் முடிந்த அகலத்துக்காவது.

நீர் மாதிரிகளை மழை தொடங்கிய முதல் அரை மணி நேரத்துக்குள்ளும், குழாய் வாயிலிலும், சதுப்பு நிலத்தின் மேலும் கீழும், ஏரியின் உறிஞ்சு நிலையத்திலும் எடுத்து, முடிவுகளை மாதந்தோறும் வெளியிடுங்கள். கீழ்த்தெருவின் வெள்ளத்துக்கு மேல்தெருக்களிலேயே மருந்து தேடுங்கள்: சாலையோரக் கற்களை ஆங்காங்கே வெட்டித் திறந்து, மணலும் மட்கிய உரமும் நிரப்பிச் செடி வைத்த பள்ளங்களுக்குள் நீரைத் திருப்பலாம், பள்ளி, அலுவலக வளாகங்களில் நீர் தேங்கி இறங்கும் தாழ்நிலங்களை ஒதுக்கலாம், அடைபட்டுக் கிடக்கும் பாலத்தடிக் குழாயை இந்த மழைக்கு முன்பே தூர்வாரலாம். புதிதாகக் கட்டுவோர் முதல் 25 மில்லிமீட்டர் மழையைத் தங்கள் மனைக்குள்ளேயே தேக்கிக்கொள்ள வேண்டும் என்று, பல நகரங்களில் நடைமுறையில் உள்ளபடி, கட்டட அனுமதியில் நிபந்தனை சேருங்கள். மேட்டுக் கட்டுமானத் தளத்தை இந்த வாரமே ஆய்வு செய்து, தடுப்பும் வண்டல் குழியும் அமையும்வரை வேலையை நிறுத்துங்கள். நகரின் ஒவ்வொரு சல்லடையின் மேலும் 'இது ஓடைக்குச் செல்கிறது' என்று வண்ணத்தில் எழுதுங்கள். வண்ணம் வாங்கப் பணம் இல்லையென்றால் நான் தருகிறேன், தூரிகையை வீட்டுக் கழிவறையில் அலசிக்கொள்கிறேன்.

இவற்றுள் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை எந்தக் காரணத்தால் மறுக்கிறீர்கள் என்பதை 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், அடுத்த மன்றக் கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சென்ற மழைக்காலத்துப் பாட்டில்கள் இருபத்து நான்கையும், நாள், நேரம் எழுதிய சீட்டுகளோடு, கூட்ட மேசைக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓடைக்கரையில் வசிக்கும் வரி செலுத்துநர் ஒருவர்